மின் வாகன மானியம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

நம் வியாபாரிகளுக்கு ‘ஸ்கீம்’ என்றால் விளக்கம் தேவையில்லை. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று கம்பெனி அறிவிக்கும். மொத்த வியாபாரி அதைக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ‘கிளெய்ம்’ போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நான் கொடுத்த தள்ளுபடியை, பில் விதிப்படி இல்லையென்று ஒரு கம்பெனி எட்டு மாதம் நிறுத்தி வைத்தது. கடைக்காரர்களிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியுமா?

மின்சார ஸ்கூட்டருக்கு மத்திய அரசு தந்த மானியமும் இதே ஏற்பாடுதான். 1.4.2019-இல் ரூ.10,000 கோடி ஒதுக்கீட்டுடன் தொடங்கிய ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத்தில், தயாரிப்பாளர் விலையைக் குறைத்து விற்க வேண்டும். பிறகு அரசிடம் கிளெய்ம் போட வேண்டும். உதிரி பாகங்களை உள்நாட்டில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை மீறியதாகச் சில கம்பெனிகளின் பணம் நிறுத்தப்பட்டது. கொடுத்ததும் திருப்பிக் கேட்கப்பட்டது. விற்ற வண்டியோ வாடிக்கையாளர் வீட்டில் நிற்கிறது! நிபந்தனையை விற்பனைக்கு முன்பே சோதிப்பதுதான் முறை.

அடுத்தது விலை வரம்பு. ஆலை விலை ரூ.1.5 லட்சத்துக்குள் உள்ள ஸ்கூட்டருக்கே மானியம். ஒரு ரூபாய் தாண்டினாலும் முழுதும் போய்விடும். விளைவு, சில கம்பெனிகள் சார்ஜரைத் தனியாக விற்று வண்டி விலையைக் குறைத்துக் காட்டின. பிரச்சினை கிளம்பியபின் 2023-இல் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. கோடு கிழித்த இடத்தில்தான் தந்திரம் முளைக்கும்.

மூன்றாவது, திடீர் மாற்றம். மானியம் பேட்டரியின் கிலோவாட் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. முதலில் ரூ.10,000. 2021 ஜூனில் ரூ.15,000, விலையில் 40 சதவீதம் வரை. 1.6.2023 முதல் மீண்டும் ரூ.10,000, அதுவும் 15 சதவீதத்துக்குள். ரூ.1,20,000 விலையுள்ள, 3 கிலோவாட் மணி பேட்டரி வண்டிக்கு மே 31 வரை ரூ.45,000 கிடைத்தது, மறுநாள் ரூ.18,000. ஒரே இரவில் ரூ.27,000 வித்தியாசம்! மே மாதம் விற்பனை லட்சத்தைத் தாண்டியது. ஜூனில் பாதியாகச் சரிந்தது. அவசரப்பட்டவருக்கு லாபம், பணம் புரட்டத் தாமதித்த சிறு கடைக்காரருக்கு நஷ்டம்.

2024 அக்டோபரில் வந்த ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் இதற்குப் பரிகாரம் இருந்தது. முதலில் ரூ.5,000, அடுத்து ரூ.2,500 என்று படிப்படியாகக் குறையும் என முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இது நல்ல முறை.

ஆனால் ஒரு குறை நீடித்தது. மானியம் பேட்டரியின் அளவைப் பார்த்தது, ஓடும் தூரத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் இரண்டாவது வண்டியாக வாங்கி, வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறவருக்கும், தினம் எழுபது கிலோமீட்டர் சரக்கு போடுகிறவருக்கும் ஒரே தொகை. முன்னவர் மானியம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார். பெட்ரோலும் புகையும் அதிகம் மிச்சமாவது பின்னவரால்தான். எனவே, இனி வரும் திட்டங்களில் தொழிலுக்கு ஓடும் வண்டிகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்பது நியாயமே.

வரியையும் கவனியுங்கள். மின் வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். 350 சி.சி. வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. 23 புள்ளி இடைவெளி 13 ஆயிற்று. மானியத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

ஆகவே, வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் மானியத்தை நம்பி வாங்க வேண்டாம். தினம் எத்தனை கிலோமீட்டர், மாதப் பெட்ரோல் செலவு எவ்வளவு, பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று பார்த்து, மானியமே இல்லாமல் கணக்குப் போடுங்கள். அப்போதும் கட்டுபடியானால் தாராளமாக வாங்கலாம். ஸ்கீமுக்காகச் சரக்கு எடுத்தவன் கிடங்கில் என்ன தேங்கும் என்பது நமக்குத் தெரியாததா?