திம்பம் ஏறும் லாரிக்கு ஏன் காய்ச்சல் வருகிறது?

சத்தியமங்கலத்திலிருந்து மைசூரு போகும் சாலையில் பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் மலை ஆரம்பித்துவிடும். திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிய லாரி முக்கி முனகி ஏறும்போது டிரைவரின் ஒரு கண் ரோட்டில் இருக்கும். இன்னொரு கண் டெம்பரேச்சர் முள்ளில்!

முள் சிவப்பைத் தொட்டால் கஷ்டம் அவருக்கு மட்டுமில்லை. வளைவில் ஒரு லாரி நின்றால் இருபக்கமும் பஸ், கார், ஆம்புலன்ஸ் எல்லாம் தேங்கிவிடும். புலிகள் காப்பகம் வேறு. யானைகள் நடமாடும் காட்டில் ஹாயாக இறங்கி நிற்கவும் முடியாது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவில் சரக்கு லாரிகளுக்குத் தடை வந்தபிறகு, ராத்திரிக் குளிரில் ஏறிவிடலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. வெயிலில்தான் ஏறியாக வேண்டும்.

சமதளத்தில் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். மலையிலோ நடக்கிற வேகம், காற்றே இருக்காது. ஆனால், எரியும் டீசல் பல மடங்கு. அந்தச் சூடு முழுவதையும் கூலன்ட்டும் ஃபேனும்தான் சமாளிக்க வேண்டும்.

இங்கேதான் புது டிரைவர்கள் தப்பு செய்கிறார்கள். டீசல் மிச்சமாகும் என்று மேல் கியரிலேயே இழுப்பார்கள். இன்ஜின் திணறும். வாட்டர் பம்ப்பும் ஃபேனும் இன்ஜின் சுற்றும் வேகத்தில்தானே சுற்றும்? அது மெதுவானால் இவையும் மெதுவாகிவிடும். சூடு ஏறும். அனுபவசாலிகள் ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுவார்கள். இன்ஜின் சத்தமாக, ஆனால் சுலபமாகச் சுற்றும். கேபினில் ஏ.சி. இருந்தால் அதையும் அணைத்துவிடுவார்கள்.

முள் ஏறுகிறது, ஆவி வரவில்லை என்றால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, நியூட்ரலில் இன்ஜினைச் சற்றே வேகமாக ஓடவிட்டால் சூடு மெல்ல இறங்கும். அதுவே ஆவி பறந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். பிறகு காத்திருப்பதுதான் வேலை. வெயிட் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான். அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் பீய்ச்சியடித்து முகத்தை வேகவைத்துவிடும். அவசரப்பட்டு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சூடான சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். அப்புறம் அந்த டிரிப்பில் சம்பாதித்ததெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கு!

புறப்படும் முன் பத்து நிமிடம் செலவழித்தாலே இதில் பாதி தவிர்ந்துவிடும். ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்திருக்கும் சேறு, பூச்சி, வைக்கோல் தூசு, ஃபேன் பெல்ட்டின் தொய்வு, ஹோஸில் கசிவு, கூலன்ட் அளவு. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ளும்.

குடும்பத்தோடு காரில் இறங்கி வருபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குறுக்கே நுழைந்து லாரியை நிறுத்தினால், அத்தனை டன்னையும் முதல் கியரில் மறுபடி கிளப்ப வேண்டும். கிளட்ச் கருகும், முள் எகிறும்.

மேலே ஏறியதும் இன்ஜினை அணைக்காமலே டிரைவர் டீ சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். டீசலை வீணாக்குகிறாரே என்று நினைக்க வேண்டாம். கொதிக்கும் டர்போவுக்கு ஆயில் ஓடிக் குளிர இரண்டு மூன்று நிமிடம் கொடுக்கிறார். டீ ஆறுவதற்குள் அதுவும் ஆறிவிடும்.