போல்ட்டை முன்தள்ளும் குமிழ் தேவையா?

அரைத்தானியங்கித் துப்பாக்கி என்பது, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு, வெடிமருந்து வாயுவின் அழுத்தத்தாலேயே வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கருவியாகும். இச்சுழற்சியில் முன்னும் பின்னும் ஓடி, தோட்டா அமரும் அறையை அடைத்துப் பூட்டும் எஃகுத் துண்டு போல்ட் எனப்படும். அதைச் சுமந்து ஓடுவது போல்ட் தாங்கி. தூசியோ கரியோ படிந்து, சுருள்வில்லின் உந்துதல் போதாமல் போல்ட் பாதியில் நின்றுவிட்டால், அதைக் கையால் முன்தள்ளும் வழி வேண்டுமா என்பதே நீண்டகால விவாதம்.

1966இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை உருவாக்கிய ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ ஏகே வகையைச் சேர்ந்தது. அதில் போல்ட்டைப் பின்னிழுக்கும் கைப்பிடி, போல்ட் தாங்கியோடு ஒன்றாக இணைந்திருப்பதால், தனிக் குமிழ் இன்றியே கையால் முன்தள்ள முடியும். இந்தியப் படைகள் பல பத்தாண்டுகள் சுமந்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியிலோ கைப்பிடி போல்ட்டோடு சேர்ந்து ஓடுவதில்லை; முன்தள்ளும் குமிழும் இல்லை; ஆயினும் அது நம்பகமானது என்றே பெயர் பெற்றது.

அமெரிக்காவின் யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 துப்பாக்கியிலும் கைப்பிடியால் போல்ட்டைப் பின்னிழுக்க மட்டுமே இயலும். அதன் ராணுவ வடிவமான எம்16ஐ விமானப்படை குமிழ் இல்லாமலேயே ஏற்றுக்கொண்டபோதும், தரைப்படை வற்புறுத்தியதால் வலப்பக்கத்தில் ‘ஃபார்வர்டு அசிஸ்ட்’ எனும் குமிழ் சேர்க்கப்பட்டது. அதை அழுத்தினால் போல்ட் தாங்கியின் பள்ளங்களில் ஒரு பல் பதிந்து, தாங்கியை முன்னே நகர்த்தும். ஓசை எழாதபடி மெல்ல மூடிய போல்ட்டை முழுமையாகப் பூட்ட இது உதவும் என்பது உண்மையே. ஆனால் நசுங்கிய தோட்டாவை வலிந்து திணித்தால் சிறு தடை பெருந்தடையாகிவிடும் என்பதும் உண்மை.

இக்குமிழ் எல்லாக் கோளாறுகளையும் தீர்க்காது என்பதற்கு வியட்நாம் போரில் எம்16 பெற்ற அவப்பெயரே தெளிவான சான்று. அங்கு முதன்மையான கோளாறு, சுட்ட வெற்றுக்கூடு அறையிலேயே சிக்கிக்கொண்டு வெளிவராமல் போனதாகும். முன்னே மட்டும் தள்ளும் குமிழ் அதற்குச் சற்றும் பயன்படவில்லை. அறைக்குக் குரோமியப் பூச்சு இட்டதும், துப்புரவுக் கருவிகளையும் முறையான பயிற்சியையும் வீரர்களுக்கு அளித்ததுமே பெரிய அளவில் நிலைமையைச் சீராக்கின.

ஆகவே, கைப்பிடி போல்ட் தாங்கியோடு இணைந்த துப்பாக்கிகளுக்கு இக்குமிழ் தேவையற்றது; இணையாதவற்றில் அது அரிதாகப் பயன்படும் துணைக்கருவி மட்டுமே. செம்மையான அறையும் தரமான தோட்டாவும் இடையறாத துப்புரவும் தரும் நம்பகத்தன்மையை எந்தக் குமிழும் ஈடுசெய்துவிடாது.