வேகக் காரும் பசறை ஏற்றமும்

வீட்டில் பழைய கார் வாங்கும் பேச்சு எழுந்தால், எங்கள் பகுதியில் முதலில் வரும் கேள்வி "எத்தனையாம் ஆண்டு?" என்பது. அடுத்தது, "மீற்றரில் எவ்வளவு?" இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவ்விரண்டை மட்டும் வைத்து ஒரு காரை நம்பலாமா, கூடாதா என்று முடிவுகட்ட முடியாது. அதிலும் 'ஹொட் ஹெச்' என்று இளைஞர்கள் சொல்லும் வேகச் சிறுகார் ஒன்றை அன்றாட ஓட்டத்துக்கு வாங்க நினைத்தால், வேறு பல கேள்விகளும் கேட்க வேண்டியிருக்கிறது.

உயர்தரத்தில் பொறியியற் தொழினுட்பவியல் படிக்கும் எனக்கு இந்த விடயத்தில் அக்கறை வரக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. தாத்தாவுக்கு நமுனுகுலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை நியமனம். காலையில் பதுளையிலிருந்து பசறை வழியாக ஏற வேண்டும், பிற்பகலில் இறங்க வேண்டும். ஒரு பஸ் தவறினால் முதலாம் பாடவேளை போய்விடும். வாப்பா கடையில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு உம்மாவின் இரண்டு வளையல்களும் சேர்ந்தால்தான் கார் என்ற நிலை. ஓட்டப்போகிறவர் தாத்தா. தெரிவுசெய்ய ஆசைப்பட்டவர் நானா. நானாவின் மனமோ சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைவிட்டு அசையவில்லை.

பின்கதவைத் தூக்கித் திறக்கும் சாதாரணச் சிறுகாருக்குள் பலமான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் வைத்தால் அதுவே ஹொட் ஹெச். 1976இல் விற்பனைக்கு வந்த வொக்ஸ்வேகன் கோல்ஃப் ஜீ.ரீ.ஐ. இந்த வகையை உலகறியச் செய்தது. அதன் 1.6 லீற்றர் எஞ்சின் 110 குதிரைவலு தந்தது. நம் நாட்டில் இந்த ஆசையை வளர்த்தவை யப்பானியக் கார்களே. டொயோட்டா ஸ்டார்லட் ஜீ.ரீ. டேர்போ, அதன் பின் வந்த க்ளன்சா, விட்ஸ் ஆர்.எஸ்., ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ்., கடைசியில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். ஊவா இளைஞர்களுக்குத் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப்போட்டியும் ஒரு காரணம். 2024 ஏப்ரல் 21இல் அந்தத் திடலில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்மீது பாய்ந்து ஏழு பேர் இறந்த பின்னர், எங்கள் வீட்டில் உம்மா 'ஸ்போர்ட்' என்ற சொல்லையே கேட்க விரும்பவில்லை. அவரைச் சமாதானப்படுத்த நானாவுக்கு ஒரு வாரம் எடுத்தது.

இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். அந்த ஐந்து ஆண்டுகளும் உள்ள கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே இன்று சந்தைக்கு வரும் ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மூன்று நான்கு உரிமையாளரைக் கண்டிருக்கலாம். அவர்களில் ஒருவராவது அதை 'விரட்டி'ப் பார்த்திருப்பார். வேகக் காரை வாங்கியவர் மெதுவாக ஓட்டவா வாங்கியிருப்பார்?

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் இங்கு கிடைப்பவை பெரும்பாலும் மூன்று தலைமுறைகள். 2005 முதல் வந்த இசட்.சி.31எஸ், 2011 முதல் வந்த இசட்.சி.32எஸ் ஆகிய இரண்டுக்கும் டேர்போ இல்லாத 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின். முன்னையது 125, பின்னையது 136 குதிரைவலு. 2017இல் வந்த இசட்.சி.33எஸ் 1.4 லீற்றர் டேர்போ எஞ்சினோடு 140 குதிரைவலு தருகிறது. எண்களைப் பார்த்தால் புதியதே மேல். உயரம் ஏறும்போது காற்று மெலிந்து டேர்போ இல்லாத எஞ்சின் நூறு மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு வீத வலுவை இழக்கும். டேர்போ காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் அந்த இழப்பை ஈடுசெய்துவிடும். மலைநாட்டுக்கு அது பொருத்தம் என்ற நானாவின் வாதத்தில் உண்மை இருந்தது.

ஆனால் டேர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றே. ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டவரும், நீண்ட ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு உடனே எஞ்சினை நிறுத்தியவரும் அதன் ஆயுளைக் குறைத்திருப்பார்கள். அது வெளியே தெரியாது. டேர்போ இல்லாத எம்16ஏ எஞ்சினிலோ பட்டிக்குப் பதில் டைமிங் செயின். காலத்துக்கு ஒயில் மாற்றியிருந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். அதே எஞ்சின் சுசுக்கியின் எஸ்.எக்ஸ்.4இலும் 1.6 கிராண்ட் விட்டாராவிலும் வந்ததால், பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாகம் தேடுவதும் எளிது. என் கணக்கில் நம்பகத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. பழுதே வராத கார் கிடையாது. பழுது வந்தால் கொழும்பிலிருந்து பாகம் எத்தனை நாளில் பதுளைக்கு வரும், அதைப் பூட்டத் தெரிந்த பாஸ் இங்கே இருக்கிறாரா என்பதே கேள்வி. இரண்டு கிழமை கார் கராஜில் நின்றால், தாத்தாவுக்கு அது நம்பகமான கார் அல்ல.

பெற்றோலையும் கேட்க வேண்டும். இந்த 1.6 எஞ்சினின் அமுக்க விகிதம் 11.1. யப்பானில் இதற்கு உயர் ஒக்டேன் பெற்றோலையே பரிந்துரைத்தார்கள். இங்கே அது 95. தோட்டப் பக்கத்து ஷெட்டுகளில் எப்போதும் 95 கிடைக்கும் என்று எண்ணி வாங்கக்கூடாது. 92ஐ அடித்து ஏற்றத்தில் உயர் கியரில் திணறவிட்டால் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் எழும். நாள்தோறும் அப்படி நடந்தால் பிஸ்டனுக்குக் கேடு. மாதச் செலவையும் 95இன் விலையில்தான் கணக்கிட வேண்டும்.

கியரில் என் வாக்கு மெனுவலுக்கு. இசட்.சி.32எஸ் ஆறு கியர் மெனுவலாகவும் சீ.வீ.ரீ.யாகவும் வந்தது. சீ.வீ.ரீ.யில் ஓர் உருக்குப் பட்டி இரண்டு கப்பிகளுக்கிடையே அழுத்தப்பட்டு ஓடுகிறது. உரிய ஒயிலை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் நீண்ட ஏற்றத்தில் அது சூடேறித் தேயும். நானாவின் நண்பர்கள் பரிந்துரைத்த இன்னொரு கார் ஹொண்டா ஃபிட் ஹைபிரிட். 2013இல் வந்த அந்த வடிவத்தின் ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டி தொடர்பாக யப்பானிலேயே தொடக்க காலத்தில் திரும்ப அழைப்புகள் வந்தன. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்ட கார் நன்றாகவே ஓடும். ஆனால் அது ஒயிலில் நனையாத உலர் கிளச். பஸ்ஸின் பின்னால் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்குப் பிடிக்காத வேலை.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் மலைநாட்டில் காரைச் சோதிப்பது இறக்கம். வகுப்பில் படித்த நிலைப்பண்புச் சக்தியை வைத்து ஒருநாள் கணக்கிட்டேன். ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி ஏறத்தாழ 59 இலட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள 17 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அவ்வளவு சூடும் நான்கு சக்கரங்களில்தான் இறங்கும். தாழ்ந்த கியரில் வந்தால் கணிசமான பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 ஒயிலுக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அந்த அளவுகோல் 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் வெறுமனே உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டிய இந்த ஒயிலைப் பழைய கார்களில் பலர் மாற்றுவதே இல்லை. குப்பியைப் பார்த்து, தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால் மற்றைய பராமரிப்பும் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

டயரும் அப்படித்தான். இசட்.சி.32எஸ்ஸில் வருவது 195/45, 17 அங்குலம். அதன் பக்கச்சுவர் 88 மில்லிமீற்றர். சாதாரண ஸ்விஃப்ட்டின் 175/65 டயரில் அது 114 மில்லிமீற்றர். தோட்டத்துப் பாதைக் குழிகளில் அந்த 26 மில்லிமீற்றர் வித்தியாசம் ரிம் நெளிவாகவும் ஷொக் கசிவாகவும் வெளிப்படும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. பூ ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பி மழையில் இறங்கக்கூடாது.

மூன்று கார்கள் பார்த்தோம். நாங்கள் பார்த்த முறையைச் சொல்கிறேன், பெற்றோர்க்கு உதவும். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடேற்றி வைத்த கார் தன் நோயை மறைத்துவிடும். முதற் கார் அப்படித்தான், நாங்கள் போகுமுன்பே பொனட் சுட்டது. ரேடியேட்டரில் கூலன்ட் இல்லை, வெறும் தண்ணீர், துருநிறம். பேசாமல் திரும்பிவிட்டோம்.

இரண்டாவது கார் வெளியே பளபளத்தது. சைலன்சரும் காற்று வடிகட்டியும் மாற்றி, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். மீற்றரில் 70,000 கிலோமீற்றர் என்றிருந்தது. ஸ்டியரிங் தோலும் கிளச் பெடல் ரப்பரும் அதற்கு உடன்படவில்லை. யப்பானிலிருந்து ஏலத்தில் வந்த கார்களுக்கு அன்றைய ஏலத் தாள் இருக்கும். அதில் அப்போதைய ஓட்டமும் தரமும் பதிந்திருக்கும். சசி இலக்கத்தைக் கொண்டு அதைத் தேடிச் சரிபார்க்கலாம். தாளைக் கேட்டதும் விற்பவரின் பேச்சு மாறிவிட்டது. கூட வந்த பாஸ் ஸ்கேனரைப் பூட்டியபோது பிழைக் குறியீடு எதுவும் இல்லை. நானாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் காரின் சுயசோதனைகள் பல 'முடிவடையவில்லை' என்று காட்டின. சற்று முன்னர் குறியீடுகளை அழித்திருந்தால் அப்படித்தான் காட்டும். எந்தப் பிழையை மறைக்க அழித்தார்கள் என்று கண்டுபிடிக்க நாங்கள் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, ஆவணங்கள் 'ஓப்பன் பேப்பர்'. புத்தகத்தில் இருப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். லீசிங் நிலுவையிருந்தால் முழு உரிமை நிதி நிறுவனத்திடம் இருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவைப் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது பெரும் ஆபத்து.

மூன்றாவது 2013ஆம் ஆண்டு இசட்.சி.32எஸ், மெனுவல். நிறம் மங்கல், முன் பம்பரில் கீறல். ஆனால் எதையும் மாற்றாத கார். ஒயில் மாற்றிய துண்டுகளை உரிமையாளரான ஆசிரியர் ஒரு கோப்பில் கோத்து வைத்திருந்தார். பசறை ஏற்றத்தில் நால்வராக ஏறிப் போனோம். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தபோது எஞ்சினின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளச் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இது ஒழுங்காக இழுத்தது. இறக்கத்தில் எஞ்சினைப் பிடித்து இறங்கி, அடியில் மீண்டும் மிதித்தபோது பின்னால் நீலப்புகை வரவில்லை. ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்நிறப் படிவு இல்லை. குறைகள் இரண்டு: பிரேக் ஒயில் கறுப்பு, டயர்கள் ஏழு வயது.

வாப்பா நான்கு டயரின் விலையையும் பிரேக் வேலையின் செலவையும் தாளில் எழுதிக் காட்டிப் பேசி, அவ்வளவையும் குறைத்தே முடித்தார். பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று தொடாமல் வைத்துவிட்டார். ரிம்மை 16 அங்குலத்துக்கு மாற்றி 195/50 டயர் போட்டோம். பக்கச்சுவர் ஏறத்தாழ பத்து மில்லிமீற்றர் கூடியது. பார்வைக்குக் கொஞ்சம் குறைவுதான் என்று நானாவுக்கு இன்னும் மனக்குறை. சாவி தாத்தாவிடம் இருக்கிறது.