ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அடித்தால்...

ஹூஸ்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் 6 வருஷம் நர்ஸாக இருந்தேன். மகளுக்கு நாலு வயசானதும், "பட்டணத்து இரைச்சல் போதும், சின்ன ஊராப் பார்த்துப் போயிடலாம்" என்றார் என் கணவர். டெக்ஸாஸிலேயே ஒரு சிற்றூரில் வேலை கிடைத்தது. வாடகை பாதிதான். கொல்லையில் கறிவேப்பிலைச் செடி வைக்க இடம் வேறு! சம்பளம், லீவு, ஸ்கூல் எல்லாம் துருவித் துருவி விசாரித்தேன். விசாரிக்காமல் விட்டது 'ஆன்-கால்' ஒன்றைத்தான்.

அதென்ன என்கிறீர்களா? டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நம் முறை வருகிற நாளில் ஃபோனை விட்டு நகரக் கூடாது. கூப்பிட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தியேட்டரில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1938-ல் வந்த சம்பளச் சட்டப்படி, வீட்டில் நம் இஷ்டம்போல் இருந்தபடி காத்திருக்கும் நேரம் பொதுவாக வேலை நேரமாகாது. மணிக்கு இவ்வளவு என்று ஏதோ சொற்பம் தருவார்கள். போய் வேலை செய்தால்தான் முழுச் சம்பளம். பல இடங்களில் ஒன்றரை மடங்கு.

"வீட்ல படுத்துக் கெடக்கதுக்கும் காசு குடுக்கானா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து அம்மா சிரித்தாள். படுத்தால் தூக்கம் வரவேண்டுமே! ஒரு வெள்ளிக்கிழமை தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அழைப்பு வந்துவிட்டது. நல்லவேளை, தியேட்டர் தொப்பி மானத்தைக் காப்பாற்றியது.

பெரிய ஊரில் இந்தத் தொல்லை தெரியவில்லை. விபத்துச் சிகிச்சையில் முதல் நிலை ஆஸ்பத்திரிகளில் 15 நிமிஷத்துக்குள் தியேட்டர் தயாராக வேண்டும் என்கிறது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ். அதனால் ராத்திரியும் அங்கேயே ஆள் இருக்கும். மூன்றாம் நிலைக்கு 30 நிமிஷம். ஆகவே அங்கெல்லாம் வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எங்கள் சிற்றூரில் மொத்தமே 5 நர்ஸுகள். ஐந்து நாளைக்கு ஒரு ராத்திரி. சனி, ஞாயிறு முறை வந்தால் வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் காலை வரை!

அவர் வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரி 2 மணிக்கு ஃபோன். அவசர சிசேரியன். யாரை எழுப்புவது? குழந்தையைப் போர்வையோடு தூக்கிக் காரில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த அம்மாள், "நீ உள்ளே போ, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டாள். உள்ளே சிசு வீல் என்று அழுதது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ, வெளியே என் குழந்தை முழித்து அழுகிறாளோ என்று அடித்துக்கொண்டது. அன்று காலை 7 மணிக்கே வழக்கமான டியூட்டியும் இருந்தது.

இந்த வருஷம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். இந்தத் தடவை இன்டர்வியூவில் நான்தான் கேள்வி கேட்டேன். முறையை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள்? போன மாசம் நிஜமாகவே எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்? ராத்திரி வேலை செய்தால் மறுநாள் காலை ஓய்வு உண்டா? குழந்தைக்கு ஜுரம் என்றால் முறையை மாற்றிக்கொள்ளலாமா? ஒரு நாளில் தொடர்ந்து 12 மணி, வாரத்தில் 60 மணிக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுகளின் சங்கமே சொல்கிறதே, அதையும் கேட்டேன். ஓரிடத்தில், "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்படி மழுப்புகிற இடத்தில், சகோதரிகளே, வாய்மொழியை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு இடத்தில் 9 பேர். நள்ளிரவு தாண்டி வேலை செய்தால் 10 மணி நேரம் ஓய்வு. சம்மதித்தேன். வாடகை அதிகம்தான். வீடு பார்க்கப் போனபோது சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால், வாசலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிப் பார்த்தேன். 11 நிமிஷம். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ரிடையரான டீச்சரம்மா. கையோடு கொண்டுபோயிருந்த முறுக்கை நீட்டிவிட்டு, ராத்திரி நேரத்துச் சங்கடத்தைச் சொன்னேன். "எனக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துடும், கொண்டு வந்து விடு" என்றாள்.