எண்ணெய்க்கு மட்டும் ஏன் தடை வரவில்லை?
(நைஜீரியா: 1993 முதல் 1998 வரை)

ஏதோ ஒரு நாட்டில் தேர்தல் தகராறு. "பொருளாதாரத் தடை விதிப்போம்" என்று வல்லரசுகள் எச்சரிக்கை. இப்படிப் பத்திரிகையில் செய்தி வந்து, அந்த நாடு எண்ணெய் விற்கும் நாடாகவும் இருந்துவிட்டால், நம் கடைத்தெருவில் எழும் கேள்வி ஒன்றுதான். டீசல் ஏறுமா? லாரி வாடகை ஏறுமா?

கேள்வி நியாயமானதே. ஆனால் எச்சரிக்கை வேறு, தடை வேறு. எச்சரிக்கை எப்போது தடையாகும், எப்போது பேச்சோடு நிற்கும் என்று தெரிந்துகொள்ள, ஆரம்பம் முதல் முடிவு வரை நடந்து முடிந்துவிட்ட ஒரு விவகாரத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவில் 1993 முதல் 1998 வரை நடந்தது அப்படிப்பட்ட விவகாரம். அதை வணிகர் கண்ணோடு பார்ப்போம்.

தேர்தலும் ரத்தும்

நைஜீரியாவை அப்போது ஆண்டவர் ஜெனரல் இப்ராஹிம் பாபங்கிடா. 1985-ல் ராணுவப் புரட்சி மூலம் பதவிக்கு வந்தவர். மக்களாட்சிக்கு வழிவிடுகிறேன் என்று பல முறை தேதி குறித்துத் தள்ளிப் போட்ட பிறகு, 1993 ஜூன் 12 அன்று அதிபர் தேர்தல் நடத்தினார். இரண்டே கட்சிகள். அந்த இரண்டையும் உண்டாக்கியதும் ராணுவ அரசுதான்!

ஒரு பக்கம் வடக்கே கானோவைச் சேர்ந்த பஷீர் தோஃபா. மறுபக்கம் தென்மேற்கில் அபியோக்குத்தா ஊரைச் சேர்ந்த மோஷூத் அபியோலா. அபியோலாவைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வறுமையில் பிறந்து, சிறுவனாக விறகு விற்றுப் படித்தவர். பிறகு கணக்காளராகி, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியாகிப் பெரும் பொருள் ஈட்டினார். பத்திரிகை, விமான சேவை, பண்ணை என்று பல தொழில்களில் இறங்கினார். அரசியலுக்கு வந்த வணிகர் என்றே அவரைச் சொல்லலாம்.

வாக்குகள் எண்ணப்பட்டபோது அபியோலாவுக்குச் சுமார் 83 லட்சம், தோஃபாவுக்குச் சுமார் 59 லட்சம். தோஃபாவின் சொந்த மாநிலமான கானோவிலேயே அபியோலா முந்தினார். மதத்தையும் இனத்தையும் பார்த்தே வாக்குப் போடும் நாடு என்று பேர் வாங்கிய இடத்தில் இது பெரிய அதிசயம். ஆனால் முழு முடிவு அறிவிக்கப்படவில்லை. நீதிமன்றத் தடை ஒன்றைக் காட்டி அறிவிப்பை நிறுத்தினார்கள். ஜூன் 23 அன்று தேர்தலே ரத்து என்றார்கள். கையொப்பம் இல்லாத ஒரு தாளில் அந்த அறிவிப்பு வந்தது. கையொப்பம் இல்லாத ரசீதுக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். ராணுவ ஆட்சியில் அது செல்லுபடியானது.

வந்த தடைகள்

அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய சமூக நாடுகள் ஆகியவை உடனே கண்டனம் தெரிவித்தன. உதவித் தொகைகளை நிறுத்தின, ராணுவப் பயிற்சியையும் தொடர்புகளையும் குறைத்தன. ஆட்சியில் இருந்தோர்க்கு விசா இல்லை என்றன. ஆகஸ்டில் பாபங்கிடா விலகி, எர்னஸ்ட் ஷோனேகன் தலைமையில் இடைக்கால அரசை அமைத்துவிட்டுப் போனார். அது மூன்று மாதம்கூட நிற்கவில்லை. நவம்பர் 17 அன்று ஜெனரல் சானி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார். 1994 ஜூனில் அபியோலா தாமே அதிபர் என்று அறிவித்துக்கொண்டதும் சிறையில் அடைக்கப்பட்டார்.

1995 நவம்பர் 10 அன்று எழுத்தாளர் கென் சாரோ விவாவும் எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டனர். எண்ணெய்க் கிணறுகளால் பாழான ஓகோனி மக்களின் நிலத்துக்காகப் போராடியவர்கள் அவர்கள். காமன்வெல்த் மாநாடு அப்போது நியூசிலாந்தில் நடந்துகொண்டிருந்தது. மறுநாளே நைஜீரியாவின் உறுப்பினர் தகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆயுத விற்பனையைத் தடை செய்தன, தூதர்களைத் திரும்ப அழைத்தன. தென்னாப்பிரிக்க அதிபர் மண்டேலா எண்ணெய்க்கே தடை போடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

ஆக, விசா, ஆயுதம், உதவி, விளையாட்டு எல்லாவற்றுக்கும் தடை வந்தது. எண்ணெய்க்கு மட்டும் வரவில்லை. நைஜீரியாவின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. கல்லாப் பெட்டியை விட்டுவிட்டுக் கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிய கதைதான்.

இங்கே இன்னொரு விஷயம். தேர்தலில் வென்ற அரிஸ்டீட் என்பவரை ராணுவம் விரட்டியதற்காக, ஹெய்ட்டி என்ற சிறிய கரீபியன் நாட்டின் மீது ஐ.நா. பாதுகாப்புச் சபை எண்ணெய்த் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1993 ஜூன் 23. நைஜீரியாவில் தேர்தல் ரத்தான அதே நாள்! குற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஹெய்ட்டி எண்ணெய் வாங்கும் நாடு. நைஜீரியா விற்கும் நாடு. ஏழை வாடிக்கையாளருக்குச் சரக்குத் தர மாட்டேன் என்பது சுலபம். தனக்கு வேண்டிய சரக்கை வைத்திருப்பவரிடம் வாங்க மாட்டேன் என்பது அவ்வளவு சுலபமா?

வாங்குகிறவர் கணக்கு

நைஜீரியா அப்போது நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் எடுத்தது. அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போனது. எண்ணெயிலும் தரம் உண்டு, அரிசியில் இருப்பது போல. போனி லைட் என்று பெயர் பெற்ற நைஜீரிய எண்ணெய் இலேசானது, கந்தகம் மிகக் குறைந்தது. அதைச் சுத்திகரித்தால் பெட்ரோல் அதிகம் கிடைக்கும், செலவும் குறைவு. அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆலைகள் இந்த ரகத்தையே விரும்பின. அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் சரக்கு வந்து சேர்ந்துவிடும்; வளைகுடாப் பதற்றம் எதுவும் இந்த வழியைத் தொடாது.

அதோடு, எண்ணெயை எடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். நைஜீரிய அரசு நிறுவனம் பெரும்பங்குதாரர் என்றாலும், துரப்பணம் செய்து கப்பலேற்றும் வேலையை ஷெல், மொபில், செவ்ரான், எல்ஃப், அஜிப் ஆகிய அயல்நாட்டு நிறுவனங்களே செய்தன. மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய பாதி ஷெல் கூட்டுத் தொழிலில் வந்தது. ஆகவே எண்ணெய்க்குத் தடை போட்டால், லண்டனிலும் பாரிசிலும் அமெரிக்காவிலும் உள்ள பங்குதாரர்களின் வருமானத்துக்கும் தடை போட்டதாகும். தங்கள் வீட்டுப் பணமே கூட்டாக இருக்கும் கடையை எவர் மூடச் சொல்வார்?

சாரோ விவா தூக்கிலிடப்பட்ட மறு மாதமே, 1995 டிசம்பரில், போனி தீவில் இயற்கை வாயுவைத் திரவமாக்கும் ஆலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. பங்குதாரர்கள் நைஜீரிய அரசு நிறுவனம், ஷெல், எல்ஃப், அஜிப். 1999-ல் அங்கிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. எச்சரிக்கைகளை அந்த நிறுவனங்கள் எவ்வளவு தூரம் நம்பின என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தடை வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணங்களையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நாடு வாங்காவிட்டால் இன்னொரு நாடு வாங்கும். கடலில் கப்பற்படையை நிறுத்தினால் தவிரத் தடை நிற்காது. துன்பம் சாதாரண மக்களுக்கே வரும் என்றார்கள். மூன்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்சியாளர்களின் வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை முடக்க இந்தத் தடங்கல் எதுவும் இல்லையே! பேசப்பட்ட அந்த நடவடிக்கையும் அபாச்சா உயிரோடிருந்த வரை நடக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 2005-06-ல் சுவிட்சர்லாந்து மட்டும் சுமார் 50 கோடி டாலரை நைஜீரியாவுக்குத் திருப்பித் தந்தது.

லாகோஸ் கடைத்தெருவில்

தடை வராவிட்டாலும் மிரட்டலுக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

லாகோஸில் இறக்குமதி செய்யும் ஒரு மொத்த வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம் வங்கி மூலம் எல்.சி. திறக்கிறார். சரக்கு அனுப்புகிறவர், "உங்கள் நாட்டு வங்கியின் சொல் மட்டும் போதாது, லண்டன் வங்கி ஒன்று உறுதி கொடுக்கட்டும்" என்கிறார். நாளை தடை வந்தால் பணம் சிக்கிக்கொள்ளுமே என்று லண்டன் வங்கி கட்டணத்தை உயர்த்துகிறது, அல்லது முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறது. இன்ஷூரன்ஸ்காரரும் கப்பல்காரரும் தங்கள் பங்குக்கு ஏற்றுகிறார்கள். மூன்று மாதத் தவணையில் வந்த சரக்கு இப்போது ரொக்கத்துக்குத்தான் வரும். சிறு முதல் உள்ளவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். சந்தேகம் ஒன்றே இதற்கெல்லாம் போதும். தடை ஆணையில் ஒருவர் கையொப்பமிட வேண்டிய அவசியமே இல்லை.

பழி முழுவதையும் வெளிநாட்டார் மீது போடுவதும் தவறு. நைஜீரியா ஏற்கெனவே பல ஆயிரம் கோடி டாலர் கடனில் தவணை தவறிய நாடு. 1990-91 வளைகுடாப் போரின்போது எண்ணெய் விலையேற்றத்தால் கூடுதல் வருமானம் வந்தது. அது போன்ற வரவுகளைத் தனிக் கணக்கில் வைத்து, 1988 முதல் 1994 வரை சுமார் 1,240 கோடி டாலர் வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே கையாளப்பட்டதாகப் பொருளாதார அறிஞர் பயஸ் ஒகிக்போ தலைமையிலான குழு 1994-ல் கண்டுபிடித்தது. இதோடு அபாச்சா அரசு செய்த ஒரு காரியம் வணிகத்தை நேரடியாக அடித்தது. 1994-ல் ஒரு டாலருக்கு 22 நைரா என்று அரசு விலை நிர்ணயித்தது. வெளிச் சந்தையிலோ 80 நைரா வரை போனது. அதிகாரத்தில் ஆள் பிடித்து 22-க்கு டாலர் வாங்கி வெளியே விற்றவர், ஒரு மூட்டைச் சரக்கும் இறக்காமல் போட்ட பணத்தை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கிக்கொண்டார். கடை வைத்து நேர்மையாக நடத்தியவருக்கு 80-க்கு வாங்குவதைத் தவிர வழியில்லை. 1995-ல் விலைவாசி உயர்வு ஆண்டுக்கு 70 விழுக்காட்டைத் தாண்டியது.

பெட்ரோல் விலையைப் பாருங்கள். 1993 நவம்பரில் லிட்டர் 70 கோபோவிலிருந்து (100 கோபோ ஒரு நைரா) ஒரே நாளில் 5 நைரா. அபாச்சா வந்ததும் 3.25 நைராவாகக் குறைத்தார். 1994 அக்டோபரில் 15 நைரா. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் 11. இப்படி ஆடினால் வண்டி வாடகையை எப்படிக் கணக்கிடுவது? நாட்டின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் சேர்த்து நாளுக்கு 4.45 லட்சம் பீப்பாய் திறன் இருந்தும், பராமரிப்பு இல்லாமல் அவை அடிக்கடி நின்றன. எண்ணெய் விற்ற நாடு பெட்ரோலை இறக்குமதி செய்தது. பங்குகளில் வரிசை நின்றது.

எண்ணெய் உண்மையில் தடைபட்ட ஒரே சந்தர்ப்பம் வெளியிலிருந்து வரவில்லை. 1994 ஜூலை 4 முதல் செப்டம்பர் தொடக்கம் வரை, அபியோலாவை விடுதலை செய், தேர்தலை ஏற்றுக்கொள் என்று எண்ணெய்த் தொழிலாளர் சங்கங்கள் வேலை நிறுத்தம் செய்தன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியது அப்போதுதான். எச்சரிக்கை அறிக்கைகள் செய்யாததைக் கிணற்றடியில் நின்றவர்கள் சில வாரம் செய்துகாட்டினார்கள். சங்கத் தலைவர் ஃபிராங்க் கோகோரியை அரசு பிடித்து உள்ளே போட்டது. நிறுத்தம் முறிந்தது, விலையும் இறங்கியது.

பிறகு நடந்தவை

1998 ஜூன் 8 அன்று அபாச்சா திடீரென இறந்தார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 7 அன்று, விடுதலையாவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது அபியோலா காவலிலேயே இறந்தார். 1999 மே 29 அன்று ஒலுசெகுன் ஒபசாஞ்சோ தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபராகப் பதவியேற்க, காமன்வெல்த் நைஜீரியாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஜூன் 12-ஐ மக்களாட்சி நாளாக 2018-ல் அரசு அறிவித்தது. அந்தத் தேர்தலில் அபியோலாதான் வென்றார் என்று பாபங்கிடாவே 2025 பிப்ரவரியில் வெளியான தம் நூலில் ஒப்புக்கொண்டார். 32 ஆண்டு தாமதம்.

அமெரிக்கா நைஜீரிய எண்ணெயை வாங்காமல் விட்ட மாதமும் வந்தது. அது 2014 ஜூலை. நைஜீரியாவில் அப்போது ராணுவ ஆட்சியும் இல்லை, தடை உத்தரவும் இல்லை. அமெரிக்கா தன் சொந்தப் பாறைகளைப் பிளந்து அதே இலேசான ரக எண்ணெயை ஏராளமாக எடுக்கத் தொடங்கியிருந்தது. போனி லைட் அதற்குத் தேவைப்படவில்லை. அதற்குச் சற்று முன்பே, 2013 வாக்கில், நைஜீரியாவின் முதல் வாடிக்கையாளர் என்ற இடத்துக்கு இந்தியா வந்திருந்தது.