மீன்மேல் பழியா, ஐஸ்மேல் பழியா?

மலையகத்துக்கு மீன் லொறியில் வருகிறது. கரையோரத்தில் பிடிபட்டு, பேலியகொட சந்தை போன்ற இடங்களில் கைமாறி, ஹட்டனுக்கு ஏறி, அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டிக்குள் தோட்டம் தோட்டமாகப் போகும். பெட்டியில் ஐஸ் கரைந்து தண்ணீராக நிற்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "இந்தக் குளிருக்கு மீன் எங்க பழுதாகப் போகுது?" என்பார்கள். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை செல்சியஸ். நமக்குக் கம்பளி தேவைப்படும் அந்தக் குளிரிலும் மீனில் உள்ள பாக்டீரியா தன் வேலையைப் பார்க்கும்.

பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். 4 பாகைக்கு மேல் மீன் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே கொட்டுகிற பொருளும் ஹிஸ்டமின்தான். அதனால் அந்த மீனைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலேயே, அல்லது ஒரு மணி நேரத்துக்குள், முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும். பார்க்க அசல் அலர்ஜிதான். உண்மையில் உணவு நஞ்சாதல். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், டின்னில் அடைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. மீன் நாறவேண்டும் என்றும் இல்லை.

"எனக்கு மீன் ஆகாது" என்று ஆயுள் முழுக்க மீனை ஒதுக்கியவர்களில் சிலராவது ஒருநாள் கெட்ட பலயாவில் மாட்டியவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம். தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு மீனை வீணாக விலக்குவது சின்ன நட்டமல்ல. ஒரே சட்டியில் சாப்பிட்ட இன்னொருவருக்கும் அரித்ததா? அதே மீனை முன்பு பலமுறை சுகமாகச் சாப்பிட்டதுண்டா? இரண்டுக்கும் ஆமென்றால் பெரும்பாலும் குற்றவாளி ஐஸ் இல்லாத பெட்டிதான். அதற்காக வீட்டிலேயே மறுபடி தின்று பார்த்துவிடாதீர்கள். இந்த விவரங்களை டாக்டரிடம் சொல்லுங்கள். தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ மிச்சத்தைச் சொல்லும்.

இதில் இலங்கைக்கென்றே ஒரு மருத்துவக் கதை உண்டு. காசநோய்க்கு ஐசோனியசிட் குளிசை எடுத்தவர்கள் சிலர் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலியில் துடித்தார்கள். நெஞ்சுநோய் மருத்துவர் சி.ஜி. உரகொடவும் எஸ்.ஆர். கொத்தேகொடவும் 1977இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஹிஸ்டமினை உடைக்கும் நொதியை அந்தக் குளிசை முடக்கிவிடுகிறது. மற்றவர்கள் தாங்கும் அளவே இவர்களுக்கு மிகையாகிறது. நிறுத்தவேண்டியது மீனைத்தான், குளிசையை அல்ல. (தேயிலைத் தொழிலாளருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இல் எழுதியவரும் இதே உரகொடதான். மலையகம் அவரை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.)

அசல் மீன் அலர்ஜியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, பெரும்பாலும் பார்வல்புமின் என்ற மீன் புரதத்தை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. மீன் எவ்வளவு புதிதானாலும் பயனில்லை, துளி போதும். நம் அடுக்களையில் அது ஒளிந்திருக்கும் இடம் மாசி. சூரையை அவித்து, புகைகாட்டி, கட்டையாகக் காயவைத்தது அது. சம்பலில் இடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது; கடை ரொட்டியோடு வரும் கட்டைச் சம்பலிலும் இருக்கும். பிள்ளைக்காம்பராவில் "புள்ளைக்கு மீன் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் போதாது. மாசி, கருவாடு, நெத்தலி என்று பெயர் பெயராகச் சொல்லவேண்டும். மாசி இடித்த உரலில் அந்தப் பிள்ளைக்குச் சம்பல் இடிக்கவும் கூடாது.

மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ அரிப்புக் குளிசையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. தேவை அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். லயத்திலிருந்து ரோட்டுவரை ஆளைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போவது நம் வழக்கம். இங்கே அது ஆபத்து. இரத்த அழுத்தம் விழுந்தவரை எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்கு இரத்தம் திரும்பாமல் உயிரே போகலாம். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரட்டும். படிக்கட்டுப் பாதையென்றால் கம்பளியில் கிடத்தித் தூக்குங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் ரோட்டுவரைதான். தோட்டத்து மருந்துக்காம்பராவில் அட்ரினலின் இருக்கிறதா, அதன் திகதி முடிந்துவிட்டதா என்று தலைவர்மார் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. ஊசி போட்டுத் தெளிந்ததும் வீட்டுக்குக் கிளம்ப அவசரப்பட வேண்டாம். சில மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி வரக்கூடும். அந்த நேரம் கடக்கும்வரை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருக்கவேண்டும்.