நீர்த்தாவரச் சொற்களும் சத்துச் சுழற்சியும்
பெங்களூரின் பெல்லந்தூர் ஏரிநீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையிற் கலந்து தமிழகம் புகுகிறது. சாக்கடைச் சத்தில் செழித்து அவ்வேரியை மூடிய களையைத் தமிழில் ‘ஆகாயத்தாமரை’ என எழுதுவோர் பலர். சித்த மருத்துவ வழக்கில் அப்பெயர் இலைக்கொத்தாய் மிதக்கும் பிஸ்டியாவுக்கு உரியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த, உப்பிய காம்பும் ஊதாப்பூவும் உடைய ஐக்கோர்னியாவை ‘வெங்காயத்தாமரை’ என்பதே மயக்கம் தராது.

பெயரினும் வினைச்சொல்லே மிகுந்த இடர் விளைக்கிறது. செடிகள் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் ‘நீக்குகின்றன’ என்று மொழிபெயர்ப்பது பாதி உண்மையே. செடி அவற்றை உறிஞ்சித் தன் உடலில் தேக்குகிறது. அறுத்துக் கரையேற்றாவிடில் அழுகியபின் அவை நீருக்கே மீள்கின்றன. சம்பு போன்றவை தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு உயிர்வளி செலுத்துவதால், வேரருகே அம்மோனியா நைட்ரேட்டாகிறது. உயிர்வளியற்ற சேற்றில் பாக்டீரியங்கள் அந்நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றுகின்றன. பாஸ்பரசுக்கு இவ்வழி இல்லை. எனவே நைட்ரஜனுக்கு ‘நீக்கம்’ ஓரளவு தகும். பாஸ்பரசுக்குத் ‘தேக்கம்’ என்பதே பொருந்தும். அச்சொல் நீர்த்தேக்கத்தை நினைவூட்டுவது குறையன்று: வெள்ளம் வந்து மட்கிய செடியை அடித்துச் செல்கையில், தேங்கிய பாஸ்பரசும் ஆற்றின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது.